சாமிக்குத்தான் வெட்டினேன்

நார்த்தாமலைக்கு மேற்கே செவ்வந்தான்பட்டியில் கல் உடைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் முப்பது நாற்பது இருந்தன. அதில் ஒன்று கண்ணாத்தாளுடையது. மார்கழியில் ஒரு நாள், வெடி வைத்த பாறை நேரம் கழித்துச் சரிந்து அவள் புருஷன் மலையாண்டியின் காலை முட்டிக்குக் கீழே நசுக்கிவிட்டது. கயிற்றுக் கட்டிலோடு வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பான், எடுத்தாலும் உறுதி சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்று நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

அந்த மூன்று நாளும் கண்ணாத்தாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஊர் எல்லையில் பாறையடியில் நிற்கும் பெரிய கருப்பரோடு பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கெஞ்சல் என்று சொல்ல முடியாது, ஏறக்குறைய சண்டை.

“ஒன் வாசல்ல எனக்குத் தாலி கட்டுனவன் அவன். ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? எந்திரிச்சு நடக்க வையி. கருங்கெடா ஒண்ணு வளத்து ஒன் முன்னால நிறுத்தி வெட்டுறேன். வெட்டலேன்னா ஏன்னு கேளு.”

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. காலும் தப்பியது. பங்குனியில் மலையாண்டி கம்பு ஊன்றி நடந்தான். சித்திரையில் கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெந்திக் கெந்திக் கல்குழிக்கே வந்துவிட்டான். எல்லாம் ஊசி மருந்தின் வேலை என்றார் டாக்டர். கண்ணாத்தாள் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். கருப்பருக்குத் தை மாதமே ஒரு குட்டி வாங்கி வாசலில் கட்டியிருந்தாள்.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனி மாதக் கடைசியில் தலையாரி வந்து தமுக்கடித்தான். கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது, மீறினால் கேஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருப்பர் என்ன கோபுரமும் கொடிமரமும் வைத்த சாமியா? கூரை கூடக் கிடையாது. இங்கிட்டு யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

ஆடி பிறந்ததும் சப் இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்த்தலைவர் குழந்தைசாமி அம்பலத்தையும் பூசாரி இருளாண்டியையும் வரச் சொன்னார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த காகிதத்தை ஏட்டு வாசித்தார். இந்த ஊரில் இனிமேல் பலி கிடையாது, நடந்தால் நாங்களே பொறுப்பு என்று இருந்தது அதில். அம்பலம் கையெழுத்துப் போட்டார். இருளாண்டியின் கட்டை விரலை ஏட்டே பிடித்து மையில் அழுத்தி எடுத்தார். கூடியிருந்த ஆம்பிளைகள் வரிசையாக வந்து ரேகை வைத்தார்கள்.

கல்குழியிலிருந்து திரும்பிய பெண்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாத்தாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போனாள்.

“ஐயா, ஒரு சந்தேகம் கேக்கணுங்க.”

“என்னம்மா?”

“ஞாயித்துக்கெழமச் சந்தையில ஒங்க ஸ்டேசனுக்கு எதுத்தாப்புலயே நாலு கெடா உரிச்சுத் தொங்குது. அதுக்குக் கேஸு உண்டுங்களா?”

“அது கறிக்கடை. வியாபாரம்.”

“எம் மகளுக்குக் காது குத்தி, கெடா வெட்டிச் சோறு போட்டா?”

“அது விருந்து. அதை யார் கேட்கப்போறா?”

“அதே கெடாவக் கருப்பர நெனச்சு வெட்டினா?”

“கோயில் எல்லையில, சாமி பேரைச் சொல்லி வெட்டினா அது குத்தம். சட்டம் அப்படித்தான்.”

“அப்ப, கெடா சாகுறது குத்தமில்லைங்க. நான் நெனைக்கிறதுதான் குத்தம். எம் மனசுக்குள்ள இருக்குறதுக்கா சட்டம் போட்டிருக்காக?”

பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சப் இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துபோயிற்று. “யாருய்யா இவ புருஷன்? கூட்டிட்டுப் போ” என்றார். மலையாண்டி கெந்திக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் கூடவே போனாள். ஆனால் அவனுடைய ரேகை அந்தக் காகிதத்தில் விழவில்லை. கூட்டம் கலைந்த குழப்பத்தில் ஏட்டு அதைக் கவனிக்க மறந்துவிட்டார்.

மறுநாள் இருளாண்டி அவள் வீட்டுக்கு வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பூசணிக்காயில குங்குமம் தடவி ஒடச்சிருவோம் ஆத்தா. சாமி ஏத்துக்கிரும்.”

“நான் என்ன பூசணிக்காயவா பொழைக்க வையின்னு கேட்டேன்?” என்றாள் கண்ணாத்தாள். “உசுரக் கேட்டேன். உசுரத் தாரேன்னேன்.”

“ரேகை வச்சிட்டேனே. என்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவானுக.”

“நீங்க வர வேணாம் மாமா. நானே பாத்துக்கிறேன்.”

இந்த விஷயத்தில் ஊரே எதிர்பார்த்தது தையல்காரர் தங்கமுத்துவின் கொண்டாட்டத்தை. ரோட்டோரம் ஒரு மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர் அவர். வெயிலோ மழையோ கறுப்புச் சட்டைதான். சாமி கிடையாது, பூதம் கிடையாது, வெட்டுகிற கிடாயை உங்கள் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்லி வந்தார். அவர் கூட்டம் போட்டுப் பேசினால் கேட்பது நாலு பேர், எழுதிக்கொள்ள வரும் போலீஸ்காரர் ஒருத்தர். வாரத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து, மிஷினுக்கு அடியில் என்ன புஸ்தகம் வைத்திருக்கிறார் என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கண்ணாத்தாள் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோது கேட்டாள். “என்ன தம்பி, நீ சொன்னது நடந்துபோச்சு. சந்தோசந்தானே?”

தங்கமுத்து மிஷினை நிறுத்தினார். “இல்லக்கா. நான் பேசிப் பேசி ஒங்க மனசு மாறணும்னுதான் பாத்தேன். லத்தியக் காட்டி மாத்துனா அது மாத்தமா? நாளைக்கு அதே லத்திய என் பக்கம் திருப்ப எம்புட்டு நேரமாகும்?” பிறகு, தன் கட்சியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “ஆனா நீ செய்யப்போறது மூடத்தனம்தான். அதுல மாத்தமில்ல” என்றார்.

“அத நீ சொல்லு. எம்புட்டு வேணும்னாலும் சொல்லு” என்றாள் அவள். “தைக்கக் கூலி எம்புட்டு?”

ஆடி மூன்றாம் வெள்ளி, உச்சி வெயிலில், கண்ணாத்தாள் தலைக்கு ஊற்றி ஈரச் சேலையோடு கிடாயைப் பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்தாள். ஒளித்துச் செய்ய அவளுக்குத் தோன்றவே இல்லை. கடன்பட்டது ஒளிவாக இல்லையே! மலையாண்டி பின்னால் அருவாளோடு வந்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். முதலில் யாரும் கூட வரவில்லை. கோயில் பாதை திரும்பும் இடத்தில் கூடக் கல் உடைக்கிற அழகியும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த இரண்டு பெண்களைத் தேடி அவர்களுடைய புருஷன்மார்கள் வந்தார்கள், இழுத்துப் போகலாம் என்று. வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கிடாய் சிலிர்த்தால் சாமி சம்மதம் என்று கணக்கு. அது சிலிர்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆறு மாதம் அவள் கையால் தழை தின்ற கிடாய். இரண்டாம் தடவை தெளித்தாள். மூன்றாம் தடவை தெளித்தபோது தலை முதல் வால் வரை உதறிக்கொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள்.

மலையாண்டி அருவாளை ஓங்கப் பார்த்தான். கெட்டுப்போன கால் ஊன்றி நிற்க முடியாமல் மடங்கியது. “ஒரே வெட்டா விழணும். நீ கயித்தப் பிடி” என்று அவள் அருவாளை வாங்கினாள். கருப்பர் கோயிலில் பொம்பளை அருவாள் எடுத்து யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயது முதல் சம்மட்டி பிடித்த கை அது. ஒரே வெட்டுதான்.

சோறு வெந்து, கறி கொதிக்கும் நேரத்துக்கு லாரியில் போலீஸ் வந்தது. கிடாய்த் தலையையும் அருவாளையும் சாக்கில் கட்டினார்கள். சட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். ஏழு பேர் மேல் கேஸ் எழுதினார்கள்: கண்ணாத்தாள், மலையாண்டி, அழகி, மற்ற இரண்டு பெண்கள், அந்த இருவரின் புருஷன்மார். சாட்சி வேண்டும். திருச்சியில் துணி வாங்கித் திரும்பும் வழியில் கிடாய் வெட்டியதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளோடு ஓரமாக நின்றிருந்த தங்கமுத்துவைச் சப் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

“நீதான் கடவுளே இல்லேங்கிற ஆளாச்சே. இதெல்லாம் உனக்குப் பிடிக்காது. பார்த்ததைக் கோர்ட்ல சொல்லுவியா?”

“பாத்தத எங்கயும் சொல்லுவேன்” என்றார் தங்கமுத்து.

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் குழந்தைசாமி அம்பலம் ஏழு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார்.

“ஒண்ணும் பெரிய விசயமில்ல. கண்ணாத்தா மகளுக்குக் காதுகுத்து விருந்து, அதுக்கு வெட்டுன கெடா, மர நெழலுக்காக அங்கிட்டுப் போய் ஆக்கினோம், சாமிக்கும் இதுக்கும் சம்மந்தமில்லன்னு சொல்லிருங்க. மாஜிஸ்திரேட்டு தள்ளி விட்டுருவாரு. ஏழு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். தெரியுதா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். கண்ணாத்தாள் அதற்குள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மலையாண்டி, “ஒரு வார்த்த. அதோட போச்சு” என்றான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மூன்று நாள் கூட இருந்தவன் யார் என்று யோசித்தாள். அம்பலம் வரவில்லை. சர்க்கார் வரவில்லை. இந்த மனுஷனே நினைவில்லாமல்தான் கிடந்தான். கூப்பிட்டபோது கேட்டவனைக் கோர்ட்டில் போய், அவன் யாரோ, எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

தாலுகா கோர்ட்டில் அன்று கூட்டம். மாஜிஸ்திரேட் நெற்றியில் திருநீறு பூசிய, சாந்தமான மனிதர். ஆறு பேரும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னார்கள். காதுகுத்து. விருந்து. மர நிழல். மலையாண்டியும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சொன்னான்.

பிறகு தங்கமுத்துவைக் கூப்பிட்டார்கள். கறுப்புச் சட்டையைத் துவைத்து, பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கூண்டில் ஏறியதும் குமாஸ்தா சொல்லச் சொன்னார்: “கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை.”

“சொல்வதெல்லாம் உண்மை” என்றார் தங்கமுத்து.

“முழுசாச் சொல்லு. கடவுள் அறிய.”

“அது என்னால முடியாதுங்க. இல்லாத ஒருத்தர் அறியன்னு சொன்னா, உண்மை பேசுறேன்னு சொல்ற அந்த மொத வார்த்தையே பொய்யாயிருமே. என் மனசாட்சி அறியன்னு சொல்லுறேன்.”

கோர்ட்டில் சலசலப்பு. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். “இங்கே உன் கட்சிக் கூட்டம் நடக்கவில்லை. சத்தியப் பிரமாணம் செய்யாதவன் சாட்சி சொல்ல முடியாது. மறுத்தால் தண்டனை உண்டு, தெரியுமா?”

“தெரியுங்க.”

“ஒரு வார்த்தைதானே அப்பா?”

“ஆமாங்க, ஒரு வார்த்தைதான். அதத்தாங்க சொல்ல முடியல.”

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னார். கடைசியில் அவரைக் கூண்டிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தச் சொன்னார் மாஜிஸ்திரேட். சப் இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருந்த ஒரே வெளிச் சாட்சியும் போயிற்று. போலீஸ்காரர்கள் வந்தது கிடாய் வெட்டி முடிந்த பிறகு. எதற்காக வெட்டினார்கள் என்று சொல்ல ஆளில்லை. அம்பலம் பின்வரிசையில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

கண்ணாத்தாள் கடைசி.

“ஏம்மா, இவங்க ஆறு பேரும் காதுகுத்து விருந்துன்னு சொல்றாங்க. நீயும் அதானே சொல்றே?” என்று கேட்டுக்கொண்டே மாஜிஸ்திரேட் எழுத ஆரம்பித்தார்.

“எழுதாதீங்கய்யா.”

பேனா நின்றது.

“எம் மகளுக்குக் காது குத்தி நாலு வருசமாச்சு. இது கருப்பருக்கு நேந்துவிட்ட கெடா. சாமிக்குத்தான் வெட்டினேன். எங்கையால வெட்டினேன்.”

மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டான். அம்பலம் எழுந்தே நின்றுவிட்டார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபமில்லை.

“யோசித்துச் சொல்லம்மா. நீ சொல்வதை வைத்துத்தான் நான் உன்னைத் தண்டிக்க வேண்டியிருக்கும்.”

“ஆறு மாசம் யோசிச்சுத்தாங்க வளத்தேன்.”

“உங்கள் நல்லதுக்குத்தான் இந்தச் சட்டம். ஆண்டவன் ரத்தம் கேட்பானா? அன்பைத்தானே கேட்பான்?”

“ஒங்க சாமி என்ன கேக்கும்னு நீங்க சொல்லுங்கய்யா, நான் கேட்டுக்கிறேன். எங்க சாமி என்ன கேக்கும்னு எனக்குத்தான் தெரியும். அதுக்கும் எனக்கும் ஒரு பேச்சு. நடுவுல சர்க்காருக்கு என்ன வேல? நாளைக்கு இன்னொரு சர்க்காரு வந்து, நீங்க நெத்தியில பூசுறது குத்தம்னா, பூசலேன்னு சொல்லிருவீங்களா?”

மாஜிஸ்திரேட்டின் கை தானாக நெற்றிப் பக்கம் போய், பாதியில் இறங்கிவிட்டது. ஐம்பது ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் பதினைந்து நாள் சிறை என்று தீர்ப்பு எழுதினார். மற்ற ஆறு பேரையும் விட்டுவிட்டார். பிரமாணம் செய்ய மறுத்ததற்காகத் தங்கமுத்துவுக்கு ஏழு நாள்.

அம்பலம் அவசரமாக மடியை அவிழ்த்தார். “ஊர்ப் பணத்துலருந்து நான் கட்டுறேன். பொம்பள ஜெயிலுக்குப் போனா ஊருக்குத்தான் அசிங்கம்.”

“கட்டாதீங்க” என்றாள் கண்ணாத்தாள். “கட்டினா நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பதினஞ்சு நாள்தானே. கல்லு ஒடைக்கிறதவிடவா ஜெயிலு கஷ்டம்?”

திருச்சி பஸ்ஸுக்காகக் கோர்ட்டு வாசலில் புளிய மரத்தடியில் அவளையும் தங்கமுத்துவையும் உட்காரவைத்தார்கள். காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் இரக்கப்பட்டு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தங்கமுத்துவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

“ஏக்கா, சாட்சியே இல்லாம ஆக்கி வச்சேன். வாய மூடிக்கிட்டு இருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்ல? எல்லாத்தையும் கெடுத்தியே!”

“நீ எனக்காகவா அந்த வார்த்தையச் சொல்லாம இருந்தே?”

தங்கமுத்து பன்னைக் கடித்தபடி யோசித்தார். “இல்ல. எனக்காகத்தான்.”

“அப்பறம் என்னையக் கேக்குற?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர், ஜெயிலுக்குப் போகிறவர்கள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று முறைத்தார்.

ஜெயிலில் கண்ணாத்தாளுக்கு அரிசி புடைக்கிற வேலை. கஷ்டமில்லை. மகளின் நினைப்புத்தான் ஒவ்வொரு பொழுதும் வந்து அறுத்தது. கூட இருந்தவர்கள், என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்டார்கள். கிடாய் வெட்டினேன் என்றாள். யாரும் நம்பவில்லை. புருஷனை வெட்டியிருப்பாள், மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். எட்டாம் நாள் மலையாண்டி பார்க்க வந்தான். அந்தப் பக்கம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“என் காலுக்காக நேந்த கெடா. நானே கூண்டுல நின்னு இல்லேன்னுட்டேன்” என்றான். அழுதான்.

“பயம் வந்தா யாரும் சொல்லத்தான் செய்வாக. புள்ள சாப்புடுறாளா?” என்றாள் அவள்.

திருச்சி வக்கீல் ஒருவர் தங்கமுத்துவின் வழக்கை மேல் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். கடவுள் பெயரைச் சொல்ல விரும்பாதவர், உண்மை சொல்வதாக உறுதி கூறினால் போதும். பழைய சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது என்று வாதாடினார். தண்டனை ரத்தாயிற்று, அதை அனுபவித்து முடித்துப் பல மாதம் கழித்து. கண்ணாத்தாளின் கேஸைப் பார்த்துவிட்டு, “நீயே ஒத்துக்கிட்டியேம்மா” என்று கையை விரித்தார் அதே வக்கீல். அவள் அதை எதிர்பார்த்தவள்தான். இருந்தாலும், வக்கீல் வீட்டுப் படியிறங்கும்போது மனசு கசந்தது. மனசாட்சி என்று அவர்கள் மொழியில் சொல்லத் தெரிந்தவனுக்குச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. கருப்பர் என்று சொன்னவளுக்கு இல்லை. தங்கமுத்துவிடமே அதைச் சொன்னாள். அவர் ஒத்துக்கொண்டார். விடுதலைக்காக ஊருக்கு வாங்கி வந்த மிட்டாயை யாருக்கும் கொடுக்காமல் கடையிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த ஆடி வந்தது. கண்ணாத்தாளுக்கு அந்த வருஷம் வேண்டுதல் ஒன்றும் பாக்கியில்லை. மூன்றாம் வெள்ளி அவள் வழக்கம்போலக் கல்குழியில் இருந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் மலையாண்டி பாதையில் கெந்திக்கொண்டே ஓடி வந்தான். அவன் ஓடி அவள் ஒன்றரை வருஷமாகப் பார்த்ததில்லை.

“ஏத்தா, கோயில்ல பதினோரு கெடா!”

“என்னது?”

“இருளாண்டி மாமாவே அருவாள எடுத்துட்டாரு. நாலு போலீசு நின்னுச்சு. ரேகை வச்சியே, என்னய்யா இதுன்னு ஏட்டு கேட்டாரு. ‘வெரலு நீங்க பிடிச்சு வச்சது, கையி என்னோடது’ன்னு சொல்லி வெட்டிப்புட்டாரு. எதுக்கு வெட்டுறீகன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதுனாக. காதுகுத்துன்னு ஒரு ஆளு சொல்லல. அழகி மொத ஆளாப் போயி, ‘சாமிக்கு, எழுதிக்க, பேரு அழகி’ங்குது. நானும் கொடுத்துட்டேன் பேர. நாப்பத்து மூணு பேரு!”

“தங்கமுத்து?”

“அவரு ஓரமா நின்னு, இது மூடத்தனம் மூடத்தனம்னு கத்திக்கிட்டே இருந்தாரு. ஏட்டு லத்திய ஓங்குனதும் குறுக்கப் போயி நின்னுக்கிட்டாரு. அம்பலந்தான் என்ன செய்றதுன்னு தெரியாம வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாரு.”

கண்ணாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாற்பத்து மூன்று பேரை ஏற்றிப்போக எத்தனை லாரி வேண்டும், ஜெயிலில் அத்தனை பேருக்கும் சோறு வடிக்கப் பாத்திரம் இருக்கிறதா என்று அவளுக்கு யோசனை ஓடியது. அந்தக் கேஸ் இரண்டு வருஷம் இழுத்தது. சப் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த மாஜிஸ்திரேட் நாற்பத்து மூன்று பேரையும் கோர்ட்டுக்குள் நிறுத்த இடமில்லாமல் வராந்தாவில் நிறுத்தி, எச்சரித்து அனுப்பினார். எச்சரிக்கையை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வருகிற ஆடிக்குக் கட்டியிருந்த குட்டிகளுக்குத் தழை ஒடிக்க நேரமாகிவிட்டது என்று, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

அன்றைக்குக் கல்குழியில் அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்.

“என்னைய ஏன்யா முன்னாலயே வந்து கூப்பிடல?”

சம்மட்டியைப் போட்டுவிட்டுப் புருஷனுக்கு முன்னால் கோயில் பாதையில் இறங்கி ஓடினாள்.